சம்மதம் கழன்று விழுந்தது

இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்கள் வாயில் இருக்கும் பற்கள் உங்களுடையவைதானா? அவசரப்படாமல் நாக்கால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்துவின் வாயில் இருந்தது புத்தம் புதுப் பல் செட்டு. போன புதன்கிழமை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "என்னங்க, சம்மதந்தானுங்களே?" என்று அவர்கள் கேட்க, நாச்சிமுத்து எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று வாயை அகலத் திறந்து, "சம்மதம்" என்றார். "சம்" மட்டும்தான் சத்தமாக வந்தது. மிச்சத்தோடு மேல்பல் செட்டு மொத்தமும் கழன்று பறந்து தாம்பூலத் தட்டில் விழுந்தது. தேங்காய்க்கும் வாழைப்பழச் சீப்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சபையைப் பார்த்து அது சிரித்தது.

மாப்பிள்ளையின் பெரியம்மா "சகுனம்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போய்விட்டாள்.

ராசிபுரம் பல் டாக்டர் செங்கோட்டையன் தன் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து இதைச் சொல்லி முடித்தபோது ஷாஜாதி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய முதலாளி தங்கசாமி துளியும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் அவர். படியேறி வருகிற கட்சிக்காரர்கள் எல்லோரும் கண்ணீரோடுதான் வருவார்கள். அது துக்கமா மிளகாயா என்று கண்டுபிடிப்பதே முதல் துப்பு. ஷாஜாதி அங்கே டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். வாய் நீளம் என்பதால் உதவியாளராகப் பதவி உயர்வு பெற்றவள்.

"நாச்சிமுத்து ஒருத்தர் மட்டுமில்லீங்க தங்கசாமி," என்றார் டாக்டர். "மூணு வாரத்துல ஒம்பது செட்டு. ஒண்ணுகூடப் பொருந்துல. பதினாலு வருசமா இந்த ஊர்ல பல்லுக் கட்டறேன். ஒரு ஆளு திரும்பி வந்து குத்தஞ் சொன்னதில்ல."

"திரும்பி வராததுக்கு வேற காரணமும் இருக்கலாமுங்க டாக்டர்," என்றாள் ஷாஜாதி.

தங்கசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடி சுவரைப் பார்த்தாள். சுவரில் புதுப் போர்டு ஒன்று தொங்கியது. 'வெற்றிலை, பாக்கு, புகையிலை பற்களின் பகைவர்கள். இவ்விடம் கண்டிப்பாகப் போடக் கூடாது.' ஓரத்தில் பெயிண்டர் தன் பெயரையும் தேதியையும் குட்டியாக எழுதியிருந்தான்.

"ஆரு மேல சந்தேகமுங்க?" என்றார் தங்கசாமி.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "என்ற மெக்கானிக்கு. ஜான் பாஷா."

"பல்லுக்கும் மெக்கானிக் உண்டுங்களா?" என்றாள் ஷாஜாதி. "நான் லாரிக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

"நான் வாயில அளவு எடுப்பேன். அந்த அளவுல பிளாஸ்டர் ஊத்தி, அதைய வெச்சுப் பல்லுச் செட்டுப் பண்றது அவன். பதினாலு வருசம் என்றகூடத்தான் இருக்கறான். இந்த மாசம் ரெண்டு தடவ ரோட்டுக்கு எதுத்த சாரி பல்லாஸ்பத்திரிலிருந்து எறங்கி வந்ததை இந்தக் கண்ணால பாத்தேன். எதுக்குப் போனேன்னு கேட்டா தலையக் குனிஞ்சுக்கறான். அவிய சொல்லிக்குடுத்து என்ற பேரைக் கெடுக்கறான்னுதான் தோணுது."

"இப்ப என்ன அவசரமுங்க?"

"நாளைக்குக் காலையில நாச்சிமுத்து போலீசுல எழுதிக் குடுக்கறாரு. தப்பு ஆருதுன்னு நீங்களே சொல்லுங்க, இல்லாட்டி உங்க பேரையே எழுதறேங்கறாரு. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வேற ஆளை நீங்க காட்டலீன்னா, நான் பாஷா பேரைத்தான் சொல்லோணும். வேலைக்கும் வராதேன்னு சொல்லோணும்."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூள். பேசுவது காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் கை நிற்கவில்லை. ஷாஜாதி அந்த முகத்தையே பார்த்தாள். இடது கன்னம் வலது கன்னத்தைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தது.

தடுப்பைத் தள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள்.

"பாய், எதுத்த ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனீங்க?" என்றார் தங்கசாமி.

ஜான் பாஷா கன்னத்தைத் தடவிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

"வாயைத் தொறங்க பாய்," என்றாள் ஷாஜாதி.

"என்னம்மா?"

"ஆ காட்டுங்க."

ஜான் பாஷா திறந்தார். கீழ்வரிசையில் இடது கடைசிக்கு முந்தின பல் இருக்க வேண்டிய இடத்தில் ஆறிக்கொண்டிருக்கும் குழி இருந்தது.

"பல்லு புடுங்கப் போனீங்களா? உங்க டாக்டர் இங்கயே இருக்காரே!"

ஜான் பாஷா தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னார். "பதினாலு வருசமா அவரு புடுங்கறதைப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருக்கேம்மா. அதனாலதான் அங்க போனேன்."

ஷாஜாதிக்கு இந்தத் தடவை சேலைத் தலைப்பு போதவில்லை. சிரித்துவிட்டாள். "இதைச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பீங்களே பாய்?"

"சொன்னா அவரு மனசு நோகாதா? சம்பளம் குடுக்கற கையி."

சிரித்த வாயை ஷாஜாதி மூடிக்கொண்டாள். வேலை போகப் போகிறது, பெயர் ஸ்டேஷனுக்குப் போகப் போகிறது. இந்த மனிதருக்கோ டாக்டர் மனசு நோகுமே என்றுதான் கவலை.

"ஒம்பது செட்டும் ஏன் பொருந்தல? அதுக்குப் பதிலிருக்கா?" என்றார் தங்கசாமி.

ஜான் பாஷா ஓர் அலமாரியைத் திறந்து, அளவு எடுக்கும் தகரக் கிண்ணம் ஒன்றைக் காட்டினார். குதிரை லாடம் மாதிரி வளைந்திருந்தது. அதில் ரோஸ் நிறத்தில் ரப்பர் போல ஏதோ இறுகியிருந்தது. "இது கடல்பாசியில செய்யற மாவு சார். கொழைச்சு வாயில வெச்சா மூணு நிமிசத்துல பல்லு, ஈறு எல்லாம் அச்சாப் பதிஞ்சிரும். உடனே பிளாஸ்டர் ஊத்திப்புடணும். ரொம்பப் பொல்லாதது. வெளிய கெடந்தா காஞ்சு சுருங்கும். தண்ணியில கெடந்தா குடிச்சுக் குடிச்சு உப்பிரும். ரெண்டுல எது ஆனாலும் அளவு அவுட்டு. இப்ப எங்கைக்கு வர்றதெல்லாம் வழவழன்னு ஊறிக் கெடக்குது. டாக்டருகிட்ட சொன்னேன். பத்து நிமிசத்துல ஒண்ணும் ஆகாதுன்னு புஸ்தகத்தைக் காட்டினாரு."

"அதென்ன பத்து நிமிசம்?"

அதை டாக்டரே விளக்கினார். ரெண்டு மாசத்துக்கு முன்னால் மெட்ராஸில் பல் டாக்டர்கள் கூட்டம் நடந்தது. எச்சிலும் ரத்தமும் பட்ட அளவை அப்படியே கையாண்டால் மஞ்சள் காமாலை தொற்றும், அதனால் முதலில் கிருமி சாக வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வந்ததும் பிளீச்சிங் தண்ணீர் கலந்து ஒரு டப்பாவில் ஊற்றினார். வாயிலிருந்து எடுத்த அளவை அதில் சரியாகப் பத்து நிமிஷம் முக்கி, அலசி, பாஷாவிடம் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷம் என்றால் கிருமி சாகும், அளவு சாகாது. முக்கி எடுக்கிற வேலை ராமாயிக்கு. ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைத்து, சாமான் கழுவுகிறவள்.

"மொத அஞ்சு வாரம் ஒரு கோளாறும் இல்லீங்க," என்றார் டாக்டர். "அதனால தண்ணி மேல தப்புச் சொல்ல முடியாது. ராமாயி மேலயும் சொல்ல முடியாது. கடியாரம் அவ தலைக்கு மேலயே தொங்குது. அதைப் பாத்துப் பாத்துத்தான் எடுப்பா."

தங்கசாமி விரலை மடக்கினார். "தண்ணி சரி. மாவு சரி. பாயோட கையும் சரின்னு வெச்சுக்குவோம். அப்பப் பாக்கி இருக்கறது நிமிசந்தான்."

"நிமிசத்தைக் கைது பண்ண முடியாதுங்களே சார்," என்றாள் ஷாஜாதி.

"வா, பாக்கலாம்."

சாமான் கழுவும் அறையில் ராமாயி குண்டூசி விழுந்தால் தெரிகிற சுத்தத்தில் தரையைத் துடைத்து வைத்திருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். கொண்டையை இறுக்கி முடிந்திருந்தாள். தலைக்கு மேலே பெரிய கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டியது.

"ராமாயக்கா, மணி என்னாச்சுங்க?" என்றார் தங்கசாமி. தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டார்.

ராமாயி நிமிர்ந்து, சுவர்க் கடிகாரத்தை மரியாதையோடு பார்த்தாள். "தம்மம்பட்டி வண்டி இப்பத்தானுங் சாமி போச்சு."

"காலையில எத்தன மணிக்கு வந்தீங்க?"

"பால்காரரு போனதும் ஊட்டைப் பூட்டிட்டுக் கெளம்பிருவனுங்க."

"சாப்பாடு எத்தன மணிக்கு?"

"டாக்டரு கை கழுவுனாருன்னா நானும் கழுவிருவன்."

வெளியே வந்ததும் ஷாஜாதி முந்திக்கொண்டாள். "சார், அந்தம்மா வாயில மணியே வரமாட்டேங்குது."

"கடியாரத்தைப் பாக்கறாங்க. படிக்கறதில்ல."

"அப்ப மொத அஞ்சு வாரமும் பத்து நிமிசத்தை எப்புடி எடுத்தாங்க?"

"அதைய நீதான் கண்டுபுடிக்கோணும். உன்ற வாயை வெச்சு."

"என் வாய் என்ன பண்ணுச்சு சார்?"

என்ன பண்ணியதோ, ஐந்து நிமிஷத்தில் அந்த வாய் நிறைய ரோஸ் மாவு இருந்தது. டாக்டர் கிண்ணத்தை மேல்பற்களோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஷாஜாதி கண்ணாலேயே திட்டினாள். தங்கசாமி கால்மேல் கால் போட்டுக்கொண்டு அந்த அமைதியை அனுபவித்தார்.

"டாக்டர், இந்த மாவு சில்லறைக்குக் கெடைக்குங்களா? ஆபீசுக்கு ஒரு டப்பா வேணும்."

"ம்ம்ம்!" என்றாள் ஷாஜாதி.

"பாருங்க, எவ்வளவு மரியாதையாப் பேசறா."

இரண்டு அளவுகள் எடுத்தார்கள். இரண்டும் ஒரே வாய், ஒரே பல். முதல் அளவைத் தங்கசாமி தானே பிளீச்சிங் தண்ணீரில் முக்கினார். கைக்கடிகாரத்தில் பத்து நிமிஷம் ஆனதும் எடுத்து, அலசி, ஜான் பாஷாவிடம் கொடுத்தார். பாஷா உடனே பிளாஸ்டர் ஊற்றினார். இரண்டாவது அளவு, எதுவும் சொல்லாமல், ராமாயியின் கைக்குப் போனது.

ராமாயி அதைத் தண்ணீரில் போட்டாள். டப்பாவை மூடினாள். கடிகாரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே நடந்தாள்.

ஷாஜாதி வாயைக் கொப்பளித்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

பின்பக்கத்துச் சந்து ஒன்றைத் தாண்டினால் பாப்பாயியின் பெட்டிக்கடை. ராமாயி பலகையில் உட்கார்ந்து, ஒரு வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு மடித்து வாயில் அதக்கினாள். "வா கண்ணு, உக்காரு. நீயும் ஒரு வாய் போடறயா?"

"குடுங்க. என் வாயில இன்னும் கடல்பாசிதான் இருக்கு."

பிறகு நடந்ததைப் பேச்சு என்று சொல்வது சரியில்லை. அது பாப்பாயியின் பிரசங்கம். கெங்கவல்லியில் கட்டிக்கொடுத்த மகள், அவளுடைய மாமியார், மாமியாரின் எருமை, எருமை மேய்ந்துவிட்ட பக்கத்துச் சோளக்காடு, காட்டுக்காரன் போட்ட கேசு. கேசு கோர்ட்டுக்குப் போவதற்குள் ராமாயி இரண்டாவது வெற்றிலையை மடித்துவிட்டாள். வாய்தா வாங்கும்போது மூன்றாவது. ஷாஜாதி சேலைத் தலைப்புக்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். பத்து. இருபது. முப்பது.

முப்பத்தெட்டாவது நிமிஷம் ராமாயி சக்கையைத் துப்பிவிட்டு எழுந்தாள். "செரி பாப்பாயி, வாரேன். பத்து நிமிசம் ஆயிப்போச்சு. அளவை எடுக்கோணும்."

ஷாஜாதிக்குப் பாக்கு தொண்டையில் சிக்கியது. இருமி முடித்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, பத்து நிமிசம்னு எப்புடிச் சொல்றீங்க?"

"ஒரு வாய் வெத்தலதாங் கண்ணு. போட்டு, மென்னு, சாறு எறங்கிச் சக்கையைத் துப்பறப்போ பத்து நிமிசம். எனக்குக் கடியாரம் வராது. மொத நாளு டாக்டரு பத்து நிமிசமாச்சு எடுன்னப்போ நான் சக்கையைத் துப்பிட்டிருந்தேன். அன்னையிலிருந்து அதான் கணக்கு. ஆருகிட்டயும் சொல்லல. சிரிப்பாங்கல்ல?"

"இப்ப நீங்க மூணு வாய் போட்டீங்களே?"

"பேச்சு வாக்குல ஒண்ணு ரெண்டு சேந்து போவும். கூட ஊறுனா நல்லதுதான? காமாலைக் கிருமி நல்லாச் சாவட்டும்."

"மொதல்லயெல்லாம் இங்கதான் வருவீங்களா?"

"இல்ல கண்ணு. தண்ணித் தொட்டிகிட்டயே நின்னு ஒத்த வாய் போடுவேன். அங்க பேச ஆளேது? இப்பத்தான் உள்ள போடக்கூடாதுன்னு சட்டம் வந்துபோச்சே."

மூன்று மணிக்கு டாக்டரின் மேஜைமேல் இரண்டு வெள்ளைப் பல்வரிசைகள் உட்கார்ந்திருந்தன. டாக்டர் டிவைடரை ஷாஜாதியின் வாய்க்குள் விட்டு இரண்டு கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் அளந்தார். அதே அகலத்தில் டிவைடரை முதல் அச்சின்மேல் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவது அச்சின்மேல் வைத்தார். முனை பல்லை எட்டாமல் உள்ளேயே நின்றது.

"ஒண்ணு பத்து நிமிசம் ஊறுனது. இன்னொண்ணு முப்பத்தெட்டு," என்றார் தங்கசாமி. "ரெண்டுக்கும் பிளாஸ்டர் ஊத்துனது ஒரே கை. பாய் கை."

வெற்றிலைக் கணக்கை ஷாஜாதி சொன்னதும், கதவோரம் நின்ற ராமாயியைப் பார்த்து டாக்டரின் முகம் சிவந்தது. "ராமாயி! பாஷாவைக் கொண்டுபோயிக் கம்பி எண்ண வெச்சிருப்பியே! நாளையிலிருந்து நீ..."

"இருங்க டாக்டர்," என்றார் தங்கசாமி. "இன்னும் முடியல."

மடியிலிருந்து ஒரு வெற்றிலையும் பாக்கும் எடுத்து ராமாயியிடம் நீட்டினார். "தொட்டிகிட்ட நின்னு போடுங்கக்கா. ஆரும் பேச மாட்டாங்க. டாக்டர், உங்க வாட்ச்சைக் கையில எடுங்க."

ராமாயி தொட்டியருகே போய் நின்று காம்பைக் கிள்ளினாள். மென்றாள். ஷாஜாதி தன் பிறவியிலேயே மாவு இல்லாமல் முதல் முறையாகப் பேசாமல் நின்றாள். கண்ணாடித் தடுப்பருகே ஜான் பாஷா வந்து நின்றார். அறையில் மெல்லும் சத்தம் மட்டும். கடைசியில் ராமாயி குனிந்து துப்பினாள்.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். "பத்து நிமிசம்... அஞ்சு செகண்டு."

"இவங்க கடியாரம் சரியாத்தானுங்க ஓடுச்சு," என்றார் தங்கசாமி. "ஆரோ அதை எடுத்துச் சந்துக்கு அந்தப் பக்கம் வெச்சுட்டாங்க. அன்னையிலிருந்துதான் கோளாறு."

"ஆரு?"

ஷாஜாதி சுவரிலிருந்த போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். "மொதல்ல ஆடின பல் செட்டுக்கு நீங்க அளவெடுத்தது எந்தத் தேதிங்க டாக்டர்?"

டாக்டர் நோட்டைப் புரட்டினார். "ஆகஸ்ட் நாலு."

"பெயிண்டர் போட்ட தேதியைப் படிங்க."

3.8.87 என்று இருந்தது. டாக்டர் படித்தார். ஆனால் சத்தமாகப் படிக்கவில்லை.

போர்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, ராமாயியைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்கு அலாரம் வெச்ச டைம்பீஸ் ஒண்ணு வாங்கியாரேன். மணி அடிச்சா எடு." பிறகு திரும்பி, "பாஷா," என்றார். "அப்ப... எதுத்தாப்பல எதுக்குப் போனே?"

ஷாஜாதி வாயைத் திறந்தாள். தங்கசாமி அவள் காலை மிதித்தார்.

ஜான் பாஷா தானே நடந்து வந்து, டாக்டருக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து காட்டினார்.

டாக்டர் வழக்கம்போல டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தார். வெகுநேரம் பார்த்தார். "வேரோட சுத்தமா வந்திருக்குது," என்றார். குரல் இறங்கியிருந்தது. "பாஷா, நான் உன்ற பேரைப் போலீசுக்கே..."

"தெரியுங்க. கண்ணாடி தூளைத்தான் தடுக்கும். சத்தத்தைத் தடுக்காது."

"தப்புத்தான். மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வந்துரு."

ஜான் பாஷா கைகளைக் கழுவினார். தூள் போகும்வரை முழங்கை வரைக்கும் கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "பாக்கலாங்க," என்றார். முன்வாசல் வழியாக, அவர் ஒருநாளும் போகாத நேரத்தில், போய்விட்டார்.

டாக்டர் திருச்செங்கோட்டுக்குப் போன் போட்டார். நாச்சிமுத்து பத்து நிமிஷம் கத்திவிட்டு, பிறகு இறங்கி வந்தார். காலையில் ஸ்டேஷனுக்குப் போகவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், புதுசாக அளவு எடுக்கட்டும். ஆனால் செட்டைப் பழைய கைதான் செய்ய வேண்டும், கத்துக்குட்டி எவனாவது கையை வைத்தால் மறுபடி ஸ்டேஷன்தான் என்றார். போனை வைத்த டாக்டர் ஆணியைப் பார்த்தார். சட்டை இல்லாத ஆணி.

சேலம் பஸ்ஸில் ஷாஜாதி ஜன்னலோரம் உட்கார்ந்து, நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே வந்தாள். மல்லூர் தாண்டும்வரை பேசவில்லை. தங்கசாமிக்கே சந்தேகம் வந்தது.

"மாவு இன்னும் வாயில இருக்குதா?"

"பாய் நாளைக்கு வருவாருங்களா சார்? எதுத்த ஆஸ்பத்திரியில கூப்புட்டா இன்னைக்கே சேத்துக்குவாங்க. அங்கதான் வலிக்காமப் புடுங்கறாங்க."

"நேத்து நடந்ததைக் கண்டுபுடிக்கறதுதான் நம்ம தொழிலு. நாளைக்கு நடக்கறதுக்கு ஜோசியக்காரங்ககிட்ட போ."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்."

"தெரியல," என்றார் தங்கசாமி.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஜான் பாஷா வந்தார். நாச்சிமுத்துவின் அளவு பத்து நிமிஷம் ஊறியிருந்தது. வாங்கி, பிளாஸ்டர் ஊற்றினார்.